ஓ.டி. நின்றுபோன மாப்பிள்ளை

ஹனூர்
20-1-2025

அன்புத் தம்பி நஞ்சுண்டசாமிக்கு அக்கா கனகா எழுதுவது. இங்கே நான், உன் மாமா, சௌம்யா, இரண்டு மாடு எல்லோரும் சௌக்கியம். நீயும் கௌரம்மாவும் சுகமா? பொங்கலுக்கு வராததற்குக் கோபம் இருக்கிறது. அதை நேரில் காட்டுகிறேன்.

போனில் சொன்னால் ஆகாதா என்பாய். என் காது இருக்கிற லட்சணத்துக்கு நான் போனை எடுத்தால், கத்துகிற கத்தலில் தெருவே வாசலுக்கு வந்துவிடுகிறது. கல்யாணப் பேச்சு என்ன, ஏலம் விடுகிற பேச்சா? இந்த விஷயம் முடிகிறவரை நமக்குக் கடிதம்தான்.

நீ சொன்ன பையன் சந்துரு நேற்று அப்பா அம்மாவோடு பெண் பார்க்க வந்தான். பையன் லட்சணமாகத்தான் இருக்கிறான். சௌம்யா கேசரித் தட்டை நீட்டினாள். வாங்கினான், மடியில் வைத்தான், சுவரில் சாய்ந்தான், தூங்கிவிட்டான்! அவன் அம்மா கிள்ளின கிள்ளு எனக்கே வலித்தது. "தப்பா நினைச்சுக்காதீங்க, ராத்திரி பூரா ஓ.டி. பாத்துட்டு அப்படியே பஸ் ஏறி வந்துட்டானுங்க" என்றார் அவன் அப்பா, என் காதோரம் குனிந்து.

எனக்கு அங்கேயே பிடித்துவிட்டது தம்பி. பெண் பார்க்க வந்த இடத்தில் தூக்கம் வருகிற அளவுக்கு உழைக்கிற பிள்ளை எங்கே கிடைப்பான்? சௌம்யாதான் உள்ளே போனவள் திரும்பி வரவில்லை. உன் ஃபேக்டரியில்தானே இருக்கிறான், அவன் வேலை எப்படி என்று விவரமாக எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா கனகா


அக்ரஹாரம், மைசூர்
28-1-2025

அக்காவுக்கு நஞ்சுண்டசாமியின் வணக்கம். நாங்கள் இருவரும் நலம். மாமாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது?

சந்துரு தூங்கியதைக் கௌரம்மாவிடம் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறிவிட்டது. பையனைக் குறை சொல்ல முடியாது. எங்கள் கம்பெனி வண்டிகளுக்குப் பாகம் செய்கிற கம்பெனி. அவன் இருப்பது பிரஸ் ஷாப், இரும்புத் தகடுகளை அடித்து வளைக்கிற இடம். எட்டு மணி நேர வேலை, அதன்மேல் நான்கு மணி ஓ.டி. அவன் இன்னும் காண்ட்ராக்ட்தான், நிரந்தரம் ஆகவில்லை. அதை மறைக்க மாட்டேன்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். நான் டைம் ஆபீஸில் இருப்பதால் யார் எத்தனை மணி வேலை பார்த்தார்கள் என்பதெல்லாம் என் மேஜைக்கு வரும். ஆளுக்கு வாரம் சராசரியாக எத்தனை மணி என்று கணக்குப் போட்டு மாதாமாதம் பெங்களூருக்கு அனுப்புகிறோம். எதற்கு இந்த எண் என்று ஒருமுறை அங்கிருந்து வந்தவரைக் கேட்டேன். "கம்பெனிக்காரன் எடுத்த எடுப்பில் ஆளை எடுக்க மாட்டான், இருக்கிற ஆளுக்கு முதலில் மணியைக் கூட்டுவான். ஆளை அனுப்புவதென்றாலும் அதற்கு முன் மணியைக் குறைப்பான். தொழில் ஏறுமா இறங்குமா என்று இந்த எண் முன்னாலேயே காட்டிவிடும்" என்றார். இத்தனை வருஷத்தில் நானும் அப்படித்தான் பார்த்திருக்கிறேன். இப்போது சராசரி அறுபதைத் தொடுகிறது. தைரியமாகப் பேச்சை நடத்து.

அன்புடன்
தம்பி நஞ்சுண்டசாமி


ஹனூர்
14-2-2025

தம்பிக்கு, இங்கே எல்லோரும் சுகம். மாமா முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறார். திட்டுவது காதில் விழாததால் எனக்கு நஷ்டமில்லை.

நீ எழுதியதை இரண்டு முறை படித்தேன். மணி ஏறினால் நல்லது, இறங்கினால் ஆபத்து. இவ்வளவு சுலபமான விஷயத்தை இத்தனை நாள் ஏன் எனக்குச் சொல்லித்தரவில்லை? இனி ஒவ்வொரு கடிதத்திலும் அந்த எண்ணை எழுது.

சௌம்யாதான் பிடி கொடுக்க மாட்டேன் என்கிறாள். கொள்ளேகாலில் ரத்தம் பரிசோதிக்கிற லேபில் வேலைக்குப் போனதிலிருந்து நாக்கு நீண்டுவிட்டது. "தூங்கறதுக்கு ஒரு ஆளு எதுக்கும்மா, கட்டில் வாங்கிக் குடு போதும்" என்றாள், அதுவும் என் முகத்துக்கு நேராக வந்து நின்று. நான் விடுவதாக இல்லை. அறுபது மணி உழைக்கிற மாப்பிள்ளையை அலட்சியமாகப் பேசினால் சாமி பொறுக்காது என்றேன். கதவை ஓங்கிச் சாத்தியிருப்பாள் போலிருக்கிறது, நிலைப்படி அதிர்ந்தது.

கௌரம்மாவுக்கு என் அன்பு.
அக்கா


மைசூர்
12-3-2025

அக்காவுக்கு, நலம். வெயில் இப்போதே தொடங்கிவிட்டது.

நீ கேட்டதால் எழுதுகிறேன், எண் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. இரண்டு வாரமாக பிரஸ் ஷாப்பில் ஓ.டி. பாதியாகிவிட்டது. சந்துரு மட்டும் இல்லை, எல்லோருக்கும் அப்படித்தான். காரணம் எனக்கும் தெரியவில்லை. ஆர்டரில் குறை இருப்பதாக யாரும் சொல்லவில்லை. இதற்கெல்லாம் பயப்படாதே, வருஷத்தில் ஏற்ற இறக்கம் சகஜம். விசாரித்து எழுதுகிறேன்.

தம்பி


ஹனூர்
7-4-2025

தம்பிக்கு, எங்கள் சுகத்துக்குக் குறைவில்லை. யுகாதிக்கு ஒப்பட்டு, நம் போளிதான், செய்தாயிற்றா? விசாரித்து எழுதுகிறேன் என்றாய், ஒன்றும் வரவில்லை. ஆனால் எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

யுகாதி அன்றைக்குச் சந்துரு இங்கே வந்து நிற்கிறான். கையில் மைசூர் மண்டி மொஹல்லா கடைத்தெருவில் வாங்கிய பேரீச்சம்பழப் பொட்டலம். அன்றைக்குத் தூங்கினதுக்கு மன்னிப்புக் கேட்க வந்தானாம். சரி, மரியாதை தெரிந்த பிள்ளை என்று காப்பி கொடுத்தேன். நேற்று ஞாயிற்றுக்கிழமை, திரும்பவும் வந்தான். இந்தத் தடவை எதற்கு மன்னிப்பு? மாமாவோடு வயலுக்குப் போனான், மாட்டுக்குத் தண்ணீர் காட்டினான், சாயங்கால பஸ்ஸில் போனான். தூங்கவே இல்லை!

வேலை இருக்கிறவன் வாராவாரம் மைசூரிலிருந்து பஸ் ஏறி ஹனூர் வருவானா? ஓ.டி. சுத்தமாக நின்றுவிட்டது, அப்படித்தானே? மணி இறங்கினால் அடுத்தது ஆள் இறங்குவது என்று நீதான் எழுதினாய். இருப்பது ஒரே பெண். வேலை போகப்போகிற பையனுக்கு எப்படிக் கொடுப்பேன்? மறைக்காமல் எழுது.

அக்கா கனகா


மைசூர்
28-4-2025

அன்புள்ள அக்காவுக்கு, பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். நாங்கள் நலம்.

இந்த வருஷம் மாம்பழம் சீக்கிரமே வந்துவிட்டது. பாதாமி நல்ல ருசி, விலைதான் கை வைக்க முடியவில்லை. உனக்கு ஒரு பெட்டி அனுப்பப் பார்க்கிறேன். இப்போதெல்லாம் நான் மாலை ஐந்தரைக்கே வீட்டுக்கு வந்துவிடுகிறேன். முதல் நாள் கௌரம்மா கதவைத் திறந்ததும் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "ஏன்ரீ, ஹுஷாரில்வா?" என்றாள். உடம்புக்கு ஒன்றுமில்லை என்றதை நம்பாமல் கஷாயம் வைத்துக் கொடுத்துவிட்டாள். இப்போது இருவரும் மாலையில் கோயில்வரை நடக்கிறோம். இந்தத் தெருவில் இவ்வளவு வேப்பமரம் இருப்பதே இப்போதுதான் தெரிகிறது.

சந்துரு நல்ல பையன். மாமாவைக் கேட்டதாகச் சொல்.

தம்பி நஞ்சுண்டசாமி


ஹனூர்
8-5-2025

தம்பிக்கு, சுகமாக இருக்கிறோம், அது உன் தயவால் இல்லை.

நான் கேட்டது என்ன, நீ எழுதியது என்ன? வேலை இருக்குமா என்று கேட்டால் மாம்பழம், வேப்பமரம், கஷாயம். சின்ன வயதில் அப்பாவிடம் அடி வாங்குகிற மாதிரி ஏதாவது செய்துவிட்டால் இப்படித்தான் சம்பந்தமில்லாமல் பேசுவாய். எனக்குத் தெரியாதா? எண்ணையும் எழுதவில்லை. நீயே ஐந்தரைக்கு வீட்டுக்கு வருகிறாய் என்றால் அங்கே என்ன நடக்கிறது என்று எனக்குப் புரியாமல் இல்லை. உன் வேலைக்கும் ஆபத்தா? அதையாவது சொல்.

இங்கே நிலைமை தலைகீழ். பையன் ஒரு ஞாயிறு விடாமல் வருகிறான். முகத்தைக் கொடுத்துப் பேசினால் ஏதாவது வாக்குக் கொடுத்துவிடுவேனோ என்று நான் சமையலறையை விட்டு வெளியே வருவதில்லை. சௌம்யா இப்போது சனிக்கிழமை ராத்திரியே தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள்கிறாள். கட்டில் போதும் என்றவள்!

சாமராஜநகரில் ஒரு வரன் வந்திருக்கிறது. அரசாங்க ஆபீஸில் உத்தியோகம், ஃபேக்டரி தொல்லை கிடையாது. ஆடி பிறக்கும் முன் ஒன்றை முடிக்க வேண்டும். நீ உடைத்துச் சொல்லாவிட்டால் சந்துரு வீட்டுக்கு வேண்டாம் என்று சொல்லி அனுப்பப்போகிறேன்.

அக்கா


மைசூர்
17-5-2025

அக்காவுக்கு, என் வேலைக்கு ஆபத்தில்லை. எங்கள் உடம்புக்கும் ஒன்றுமில்லை.

கோபப்படாமல் படி. ஃபேக்டரியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லக்கூடாத இடத்தில் இருக்கிறேன். மேலே இருப்பவர்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். நான் இப்போது வாயைத் திறந்தால் சந்துருவுக்குத்தான் கெடுதல். அதற்குமேல் கேட்காதே. பையனைப் பற்றி எது வேண்டுமானாலும் கேள். ஃபேக்டரியைப் பற்றி மட்டும் கேட்காதே. வேண்டாம் என்று சொல்லி அனுப்புவதைக் கொஞ்சம் தள்ளிப்போடு.

இந்த வரன் நான் கொண்டுவந்தது. தினமும் எனக்கு அது மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

தம்பி


ஹனூர்
3-6-2025

அன்புள்ள மாமாவுக்குச் சௌம்யா எழுதுவது. நானும் அம்மாவும் அப்பாவும் நலம். அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள். நான் எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது. என் தமிழில் பிழை இருந்தால் கன்னட மீடியத்தைத் திட்டுங்கள்.

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து அம்மா யாரோடும் பேசுவதில்லை. "வாக்குக் குடுத்திருக்கானாம், அப்படின்னா வேலை போறது உறுதிதான்" என்று மாட்டிடம் சொல்லிக்கொண்டிருந்தது. மாமா, நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். அவர் முதல் ஞாயிற்றுக்கிழமையே என்னிடம் சொல்லிவிட்டார். ஓ.டி. நின்றுபோனது, சம்பளம் இறங்கியது, இனிமேல் எப்படி என்று தெரியாதது எல்லாவற்றையும். "இதக் கேட்டுட்டு வேண்டாம்னாலும் நான் தப்பா நினைக்க மாட்டேங்க" என்றார்.

எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது மாமா. ஜனவரியில் வந்தவரை எனக்குத் தெரியவே தெரியாது, கண்ணைத் திறந்தே இருக்கவில்லை. இப்போது வருகிறவர் பேசுகிறார், சிரிக்கிறார், அப்பா சொல்கிற மழைக் கணக்கையெல்லாம் பொறுமையாகக் கேட்கிறார். எனக்கும் சம்பளம் வருகிறது, எப்படியும் சமாளிப்போம். அம்மாவுக்கு எப்படிப் புரியவைப்பது என்றுதான் தெரியவில்லை. சாமராஜநகர்க்காரர்கள் வருகிற மாதம் வருகிறார்களாம். எனக்குப் பயமாக இருக்கிறது.

உங்கள் மருமகள்
சௌம்யா


ஹனூர்
22-6-2025, ஞாயிறு

அன்புத் தம்பிக்கு, இங்கே எல்லோரும் நலம். இரண்டு நாளாக நல்ல மழை. நீ நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். ஒரு மாதமாக நான் எழுதாதது கோபத்தால்தான், அதை மறுக்கவில்லை.

இன்றைக்குச் சந்துரு வந்தால் வேண்டாம் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவது என்று காலையிலேயே தீர்மானம் செய்திருந்தேன். லேபில் முகாம் என்று சௌம்யா கொள்ளேகால் போய்விட்டாள். மாமா வயலில். பையன் மழையில் நனைந்துகொண்டு வந்தான். துண்டைக் கொடுத்தேன். "உட்காரு" என்றேன். நான் இருந்த பலகைக்கு எதிரே, என் முகம் பார்க்கிற மாதிரி உட்கார்ந்தான்.

"வேலை இருக்குமா சாமி?" என்று கேட்டேன்.

"எனக்கே தெரியலீங்க அத்தை. ஓ.டி. இல்லீங்க. எட்டு மணி நேரந்தானுங்க இப்போ. இருக்கும்னு பொய் சொல்ல மாட்டனுங்க" என்றான்.

"அப்புறம் எதை நம்பிப் பொண்ணு கேக்கறே?"

துண்டை மடித்துப் பக்கத்தில் வைத்தான். "ரெண்டு வருசமா வேலை, தூக்கம், வேலைன்னே போச்சுங்க. என்ன தின்னேன்னுகூட நெனப்பில்லீங்க. இந்த மூணு மாசந்தான் மனுசனாட்டம் இருக்கறனுங்க. வேலை போனா இன்னொன்னு தேடிக்குவேன், கை இருக்குதுங்க. ஆனா சௌம்யாவ விட்டா இன்னொருத்தி இல்லீங்க" என்றான்.

பிறகு பேச்சு எங்கெங்கோ போயிற்று. அவன் அம்மாவின் சர்க்கரை வியாதி, ரூமில் கூட இருக்கிற பையன்களோடு சமையல் முறை வைத்துக்கொள்வதில் சண்டை, நம் பக்கத்து ராகிக்கும் மைசூர் ராகிக்கும் என்ன வித்தியாசம், எல்லாம் பேசினோம். அரிசி உலையில் போட எழுந்தபோதுதான் எனக்கு உறைத்தது. இவ்வளவு நேரத்தில் ஒரு தடவைகூட நான் "என்ன? என்ன?" என்று கேட்கவில்லை. அவனும் கத்தவில்லை. ஒவ்வொரு வார்த்தையும் எனக்குப் புரிந்தது.

"எப்படிடா சாமி?" என்றேன்.

சிரித்தான். "பிரஸ் ஷாப்புல ஒருத்தர் பேசறது ஒருத்தருக்குக் கேக்காதுங்க. காதுல அடைப்பான் வேற. எதுக்க நின்னு, வாயைத் தெளிவாத் தெறந்து மெதுவாப் பேசுவோமுங்க. வாயைப் பாத்தே புரிஞ்சுக்குவோம். யுகாதிக்கு வந்தப்பவே உங்களுக்கு அப்படிப் பேசினா ஆகும்னு நெனச்சேன். அப்புறம் நீங்கதான் சமையக்கட்ட விட்டு வரவே இல்லீங்களே" என்றான்.

தம்பி, இந்த வீட்டில் என்னோடு யாரும் பேசி ஏழெட்டு வருஷம் ஆகிறது. கத்துவார்கள், கை காட்டுவார்கள், பிறகு சலித்துப்போய் விட்டுவிடுவார்கள். அவர்களைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் பேச்சு என்று ஒன்று இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. உலையைக் கவனிக்கிற சாக்கில் உள்ளே போய் அழுதேன்.

மாமா வந்ததும் கேட்டேன். "நான் ஜனவரியிலயே சரின்னேன், உனக்குத்தான் கேக்கலே" என்றார். சௌம்யா சாயங்காலம் வந்தாள். அவளை எதிரில் உட்காரவைத்து, வாயைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். சம்மதம் என்றாள். பையன் கையில் வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்தேன். ஆவணியில் கல்யாணம். சாமராஜநகருக்கு வேண்டாம் என்று சொல்லி அனுப்பியாகிவிட்டது.

வேலை போனால் போகட்டும். நீ எழுத வேண்டிய எண் எனக்கு வேண்டாம்.

உன் அக்கா கனகா


மைசூர்
23-6-2025, திங்கள்

அன்புள்ள அக்காவுக்கு, நாங்கள் நலம், மிகவும் நலம்.

இன்று காலை பத்து மணிக்கு நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டார்கள், இனி நான் பேசலாம். ஆர்டர் குறைந்து ஓ.டி. நிற்கவில்லை அக்கா, கூடிப்போய்த்தான் நின்றது. பன்னிரண்டு மணி நேரம் நின்று களைத்த ஆட்கள் அடிக்கிற தகடு நிறையக் கழிவாகிறது என்று, இரண்டு ஷிப்டை மூன்றாக்கி ஆளுக்கு எட்டு மணி என்று முடிவு செய்தார்கள். இதுவரை வேறு யூனிட்டிலிருந்து இரவல் ஆட்களை வைத்து ஒப்பேற்றினார்கள், இப்போது புதிதாக ஆள் எடுக்கிறார்கள். பழைய காண்ட்ராக்ட் ஆட்களில் சிலரை நிரந்தரம் செய்கிறார்கள். அந்தப் பட்டியலில் சந்துரு இருக்கிறான்.

மார்ச் கடைசியிலேயே என்னிடம் சொல்லிவிட்டார்கள், வெளியே மூச்சு விடக்கூடாது என்ற வாக்கோடு. போனமுறை இப்படி விஷயம் கசிந்தபோது சிபாரிசுக் கடிதத்தோடு கேட்டை மொய்த்துவிட்டார்கள். உனக்குச் சொன்னால், நீ போனில் கத்துகிற மாதிரி மாமாவிடம் சொல்லி, ஹனூரே பஸ் ஏறியிருக்கும். அதைவிட, டைம் ஆபீஸ்காரன் வீட்டுக்கு வரப்போகிற மாப்பிள்ளை என்று பேச்சு கிளம்பினால் அவன் பெயரை அடித்துவிடுவார்கள். தேர்வு முடிகிறவரை அவன் பக்கமே நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மணி குறைந்தால் ஆள் குறையும் என்று உனக்குச் சொன்னேன். ஆள் கூடினாலும் மணி குறையும் என்பதைச் சொல்லவில்லை, எனக்கே அது தோன்றியதில்லை. போனவாரம் பெங்களூரிலிருந்துகூட போன் வந்தது, "என்ன சார், சராசரி நாற்பத்தெட்டுக்கு வந்துவிட்டதே, மைசூர் படுத்துவிட்டதா?" என்று. படிப்பாளிகளே ஏமாறும்போது உன்னைச் சொல்லி என்ன.

சாமராஜநகருக்கு வாக்குக் கொடுத்துவிட்டாயோ என்று பயந்து பயந்து எழுதுகிறேன். இன்னும் இல்லை என்றால் சந்துருவை விட்டுவிடாதே. சௌம்யாவுக்காகக் கேட்கிறேன். உன்னை மூன்று மாதம் தவிக்கவிட்டதற்கு என்னை மன்னித்துவிடு.

தம்பி நஞ்சுண்டசாமி


ஹனூர்
28-6-2025

அன்புத் தம்பிக்கு, சுகம். என் கடிதமும் உன் கடிதமும் கொள்ளேகாலில் எங்கேயோ ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கும். இதற்குள் என்னுடையது வந்து சேர்ந்திருக்கும், கௌரம்மாவுக்கும் படித்துக் காட்டியிருப்பாய்.

திங்கட்கிழமை சாயங்காலமே பையன் போன் செய்துவிட்டான். சௌம்யா போனைக் காதில் வைத்துக்கொண்டு குதித்ததில் மாடு மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டது. மாமா தெருவெல்லாம் சர்க்கரை கொடுத்தார். நீ பயந்தபடியே நான்கு வீட்டுப் பையன்களின் சர்ட்டிபிகேட் இப்போது நம் வீட்டுப் பரணில் இருக்கிறது. யாரிடமும் நான் ஒன்றும் ஒப்புக்கொள்ளவில்லை.

மன்னிப்பெல்லாம் எதற்குடா? நீ வாயைத் திறக்காமல் இருந்ததுதான் நல்லதாயிற்று. இந்தச் செய்தி ஒரு நாள் முந்தி வந்திருந்தால், நான் என் பெண்ணை உன் ஃபேக்டரிக்குத்தான் கொடுத்திருப்பேன். ஞாயிற்றுக்கிழமை கொடுத்ததால் சந்துருவுக்குக் கொடுத்தேன். அந்தப் பிள்ளைக்கும் அது தெரியும். நிரந்தரம் ஆன சந்தோஷத்தைச் சொல்லிவிட்டு, "அதுக்கு முன்னாடியே நீங்க சரின்னீங்களே அத்தை" என்று வீடியோவில் முகத்தைக் காட்டி, வாயை மெதுவாக அசைத்துச் சொன்னான்.

ஆவணி முகூர்த்தம் பார்த்துச் சொல்கிறோம். கௌரம்மாவும் நீயும் பத்து நாள் முன்னதாகவே வந்துவிட வேண்டும், இந்தத் தடவை லீவு இல்லை என்று சொன்னால் நடக்காது.

ஒரே ஒரு கவலை தம்பி. ஆர்டர் இவ்வளவு ஏறுகிறது என்கிறாய். புது ஆட்களும் போதாமல் போய்த் திரும்பவும் ஓ.டி. என்று ஆரம்பித்துவிடுவார்களா? டைம் ஆபீஸில் இருக்கிறவன் நீ, பெரியவர்களிடம் இப்போதே ஒரு வார்த்தை போட்டு வை. மற்ற நாளில் எத்தனை மணி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவனை விட்டுவிடச் சொல். அன்றைக்கு எனக்கு அவனோடு பேச வேண்டும்.

அக்கா கனகா